அதிகாரி மறுக்கவில்லை

2044 ஜூன் 11, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கும் ஒன்பதே காலுக்கும் இடையில், திருச்சி அடைக்கல நகர் மூன்றாம் குறுக்குத் தெருவில், பத்தொன்பது வீடுகளின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து எச்சரிக்கைப் பெட்டிகள் கழற்றப்பட்டன.

கழற்றியவர் சந்தியாகு. வயது நாற்பத்தேழு. 'தென்றிசை' நாளிதழின் சரிபார்ப்பு மேசைக்குத் தலைவர். செய்திகளை இயந்திரமே எழுதிக் கொடுத்துவிடும் காலத்தில், எழுதியது உண்மைதானா என்று பார்த்து 'மனிதர் சரிபார்த்தது' என்று முத்திரை போடுகிற ஆள். இந்த வேலையில் அவரைவிடக் கறாரான ஆள் மாவட்டத்திலேயே இல்லை என்று பெயர். அந்தப் பெயரை முதலில் சொன்னவர் அவர்தான் என்றாலும், பிறகு யாரும் மறுக்கவில்லை.

அந்தப் பெட்டிகள் எல்லோரும் அறிந்தவை. தொட்டி நிரம்பியதும், "தண்ணீர் நிரம்பிவிட்டது, தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்" என்று ஒரு பெண் குரலில், யாராவது போய் நிறுத்தும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். தெருவிலிருந்த வீடுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியவை. பாதி வீடுகளுக்குச் சந்தியாகு கைப்பிடிச் சுவரைத் தாண்டியே போனார். மீதி வீடுகளில் கதவைத் தட்டி, "பத்திரிகையிலிருந்து வருகிறேன், மாடியைப் பார்க்க வேண்டும்" என்றார். மூன்று வீட்டில் காபி கொடுத்தார்கள்.

கடைசி வீட்டு மாடியில் இரண்டு போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்தபோது, பெட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஒவ்வொன்றிலும் வீட்டு எண் எழுதி ஒட்டியிருந்தார். அந்த வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பாலகுருநாதன், சாக்கை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன் சார். எனக்கும் அந்தப் பொம்பளை குரலு புடிக்கல."

சந்தியாகு உடனே நோட்டை எடுத்து, 'பத்தொன்பதாம் எண் வீட்டார், குரலை உறுதிப்படுத்துகிறார்' என்று எழுதிக்கொண்டார்.

அவருடைய மனைவி ஜெசிந்தா அப்போது ரயிலில் இருந்தார். டிக்கெட் பரிசோதகர். டிக்கெட்டை இயந்திரமே பார்த்துவிடும் என்று ஆன பிறகும், டிக்கெட் இல்லாதவர்களோடு வாதாடுவதற்கு ஆள் தேவைப்பட்டதால் அவரை வேலையில் வைத்திருந்தார்கள். விருத்தாசலம் தாண்டியதும் போன் வந்தது. ரயில் பெட்டியில் எல்லோரும் பார்க்க, "மாடியில என்ன பண்றாரு?" என்று நாலு தடவை கேட்டாராம்.

*

ஐந்து வாரம் கழித்து, ஜூலை 18, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஊருக்கு வெளியே இருந்த மனநல மையத்தின் ஓர் அறையில் சந்தியாகு உட்கார்ந்திருந்தார். இரு பக்கமும் ஜன்னல் உள்ள வெளிச்சமான அறை. பக்கத்து நாற்காலியில் ஜெசிந்தா. எதிரே டாக்டர் வஹிதா. அவர் கையில் நாலு பக்க அறிக்கை ஒன்று இருந்தது. தலைப்பு: 'குரல் வழித் தணிக்கை: ஒரு விசாரணை'. எழுதியவர் சந்தியாகு.

"படிக்கட்டுமா சார்?" என்றார் டாக்டர்.

"வேண்டாம்னு சொன்னா விட்டுடுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப படிங்க."

டாக்டர் படித்தார். "ஆதாரம் ஒன்று. ஜூன் 2, காலை 5.50. எதிர்வீட்டுத் தொட்டி குரல் கொடுத்தது. அப்போது என் திரையில் இருந்தது, ஆற்றுப்பாலம் சரிந்தது என்ற செய்தி. நிறுத்தச் சொன்னதால் நிறுத்தினேன். செய்தி பொய் என்று ஏழு மணிக்குத் தெரிந்தது." தலையை நிமிர்த்தினார். "இது நிஜமா நடந்ததா?"

"நடந்துச்சு. ஆசிரியர் போன் பண்ணிப் பாராட்டினாரு. மத்த பத்திரிகை எல்லாம் பாலத்த இடிச்சுட்டாங்க. நாங்க மட்டும் இடிக்கல."

"ஆதாரம் இரண்டு. பெட்டி தயாரிக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை. கேள்வி: இந்தக் குரல் யாரிடம் பேசுகிறது? பதில்: 'கேக்கிற எல்லார்கிட்டயும்தான் சார்.' குறிப்பு: நான் கேட்கிறேன். ஆகவே என்னிடம். மறுக்கவில்லை. ஆதாரம் மூன்று. மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர். பதில்: 'சார், நான் மீட்டிங்ல இருக்கேன்.' குறிப்பு: அதிகாரி மறுக்கவில்லை."

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று சந்தியாகுவுக்குத் தெரியவில்லை. பார்க்காதது போல இருந்தார்.

"நேரடிப் பார்வை. ஜூன் 11. பெட்டியைத் திறந்து பார்த்ததில், உள்ளே ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும் இருந்தன." டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "வேற என்ன கலர்ல இருக்கும்னு நெனச்சீங்க?"

"அப்ப அது ரொம்ப முக்கியமாத் தெரிஞ்சுது டாக்டர்."

சந்தியாகுவின் சரிபார்ப்பு மேசை விதி எளிமையானது. எந்தச் செய்திக்கும் இரண்டு ஆதாரம் வேண்டும். ஒரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும். அவர் மறுக்காவிட்டால் செய்தி போகலாம். இருபத்திரண்டு வருடமாக இந்த விதியை அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பைத்தியம் பிடித்தபோதும் விதியை மீறவில்லை. இரண்டு ஆதாரம் போதும் என்கிற இடத்தில் மூன்று வாங்கியிருந்தார். தெருவில் வேறு யாருக்காவது இது வந்திருந்தால், குரல் கேட்ட மறுநாளே அலறியிருப்பார்கள். வீட்டார் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். இவருக்குத் தொழில் தெரிந்திருந்ததால் பத்து நாள் அமைதியாக விசாரித்தார்.

காரணம் மாத்திரை. தேர்தல் சமயத்தில் பத்திரிகை ஆபீஸ்களில் எல்லோரும் போடுவதுதான். பெட்டியில் நீளமான பெயர் இருக்கும். ஆபீசில் அதற்கு 'முழிச்சான்' என்று பேர். இரவுப் பணிக்காரர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று. சந்தியாகு முதல் வாரம் இரண்டு போட்டார். மூன்றாவது வாரம் ஆறு போட்டார். ஒன்பது நாளில் அவர் தூங்கியது மொத்தம் பதினோரு மணி நேரம். அதையும் நோட்டில் குறித்து வைத்திருந்தார். கண்டுபிடிப்புகள் வேகம் பிடித்ததற்குக் காரணம் இந்தச் சுறுசுறுப்புதான் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

"மாத்திரை போயிடுச்சு, தூக்கம் வந்துடுச்சு, நினைப்பும் போயிடுச்சு," என்றார் டாக்டர் வஹிதா. "அஞ்சு வாரமா ரத்தத்துல ஒரு துளி இல்ல. இனி மீதி இருக்கிறது இவங்கதான்." ஜெசிந்தாவைக் காட்டினார்.

அதுதான் விஷயம். மேசைமேல் ஒரு படிவம் இருந்தது. நோயாளியை வீட்டுக்கு அழைத்துப்போகச் சம்மதம் என்று வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இன்று மத்தியானமே வீடு. போடாவிட்டால் ஆறு மாதம் இடைநிலை இல்லம். ஒரு அறையில் நாலு கட்டில், காலை ஐந்தரைக்கு மணி. சந்தியாகு வீட்டுக்குப் போக விரும்பினார். இந்த ஐந்து வாரமும் வேறு எதையும் விரும்பியதாக அவருக்கு நினைவில்லை. தன் கட்டில், தன் தட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரமாகிறது என்று ஜெசிந்தா போடும் சத்தம் எல்லாம் வேண்டும்.

ஜெசிந்தா ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "நீங்க படிச்சவரு. தண்ணித் தொட்டி செய்திய நிறுத்தச் சொல்லுதுன்னு எப்பிடிங்க நம்புனீங்க?" அதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் கிடைக்காமல் படிவத்தில் ஜெசிந்தா கையெழுத்துப் போட மாட்டார். அது அவர் சுபாவம்.

அதற்குத்தான் இந்த அமர்வு.

*

டாக்டர் ஒரு தலைப்பட்டையை எடுத்து வைத்தார். துணிப்பட்டையில் பொட்டுப் பொட்டாக உலோகம். காதுக்குப் பின்னால் வரும் இடத்தில் பெரிய பொட்டு.

"சார் இங்க வந்த அன்னிக்கு, முழு வேகத்துல இருந்தப்போ, இதை மாட்டிப் பதிவு பண்ணிட்டோம்," என்றார்.

"அவரு நெனச்சதையா?" ஜெசிந்தா நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.

"இல்ல மேடம். நினைப்பைப் பதிவு பண்ண முடியாது. நினைப்பு வேற, நிச்சயம் வேற. மண்டையில ரெண்டும் வேற வேற இடம். 'அடுப்ப அணைச்சோமா'ன்னு ஒரு நினைப்பு. 'அணைச்சாச்சு'ன்னு ஒரு நிச்சயம். வழக்கமா ரெண்டாவது வர்றதுக்கு ஏதாவது பாத்திருக்கணும், கேட்டிருக்கணும். அந்த மாத்திரை என்ன பண்ணுதுன்னா, பாக்காமலே கேக்காமலே ரெண்டாவதைத் திறந்து விட்டுடும். புளியே போடாம நாக்குல புளிப்பு மட்டும் வந்தா எப்பிடி இருக்கும்? அந்த மாதிரி. நாங்க எடுத்து வெச்சிருக்கிறது அந்தப் புளிப்பை மட்டும்தான்."

"அதை எனக்கு மாட்டுவீங்க."

"பத்து நிமிஷம். அளவு கால்வாசிதான். முக்கால் மணியில தானா இறங்கிடும். இறங்குன பிறகு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கையெழுத்து கேப்போம்."

"அவருக்கு மாட்டலையா?"

"அவரு ஒரிஜினலையே பாத்தவரு. அவருக்கு எதுக்கு?"

சந்தியாகு இதற்குச் சிரித்தார். உண்மையில் அந்த நிச்சயம் எப்படி இருந்தது என்று ஜெசிந்தாவுக்குச் சொல்லத்தான் ஐந்து வாரமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது என்று சொன்னால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். ஆனால் பயமாக இருக்கவில்லை. நாக்கு நுனியில் நின்ற ஒரு பேர் சட்டென்று ஞாபகம் வருமே, அப்படி இருந்தது. நாள் முழுக்க அந்தப் பேர் வந்துகொண்டே இருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான பத்து நாள் வேறு இல்லை. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

அவரிடம் இன்னொன்றும் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

கண்ணாடிக் கூட்டில், அடியில் ஒட்டியிருந்த வெல்வெட் துணிக்குக் கீழே, ஒரே ஒரு முழிச்சான் மாத்திரை இருந்தது. சேர்த்த அன்று சட்டைப்பை, பெட்டி, செருப்பு எல்லாம் சோதித்த நர்ஸ், கண்ணாடிக் கூட்டைத் திறந்து கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டு மூடினார். அதைச் சந்தியாகு விழுங்கவில்லை. விழுங்கும் எண்ணமும் இல்லை. வெளியே போனதும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், எழுதினால் சான்றுப் பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே விளக்கம் கொடுத்திருந்தார். அந்தக் கட்டுரையில் இதுவரை ஒரு வரி எழுதவில்லை. ஆனால் மாத்திரை இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துக்கொண்டார். சரிபார்ப்பு என்பது ஒரு பழக்கம்.

*

பட்டையை மாட்டிய முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெசிந்தா, பல் டாக்டரிடம் வந்தவர் போல நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒரு எவர்சில்வர் டப்பாவை அவர் மடியில் வைத்தார்.

"இதுல ஒரு எலுமிச்சம்பழம் இருக்கலாம் மேடம்."

"இருக்கலாம்," என்றார் ஜெசிந்தா. கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கு," என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"இருக்கு டாக்டர். இதுல என்ன கேள்வி?" குரலில் ஒரு எரிச்சல். பகலில் நின்றுகொண்டு இது பகலா என்று கேட்பவரிடம் வரும் எரிச்சல்.

டாக்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு சாவிக்கொத்து. ஜெசிந்தா அதைப் பார்த்தார். முகம் மாறவே இல்லை.

"எடுத்துட்டீங்க," என்றார்.

"யாரு?"

"நீங்கதான். தொறக்கறப்ப. கை முந்தானைக்குள்ள போச்சு, பாத்தேன்."

"மேடம், இது பரிசோதனை. பட்டை மாட்டியிருக்கு. ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு. பட்டை மாட்டியிருக்கீங்க. சும்மா தோணும்னு சொன்னீங்க. எல்லாம் தெரியும். ஆனா எலுமிச்சம்பழம் இருந்துச்சு." பாவம் பார்க்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தார். "வித் அவுட்ல வர்றவன்கூட இப்பிடித்தான் டாக்டர். கையில வெச்சுக்கிட்டே இல்லேம்பான்."

சந்தியாகு நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். பெருமையாகக்கூட இருந்தது. பட்டை மாட்டி நாலே நிமிடத்தில் அவர் மனைவி ஒரு நேரடிச் சாட்சியைத் தயாரித்துவிட்டார். அவருக்கு அந்த அளவுக்கு வர மூன்று வாரம் பிடித்தது.

"ஜெசி," என்றார். "இப்ப தெரியுதா? இதுதான். இப்பிடித்தான் இருந்துச்சு."

அவர் பேசியது தப்பு. அதுவரை டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தா தலையைத் திருப்பி, டிக்கெட்டைக் கேட்கிற கண்ணோடு அவரைப் பார்த்தார். இருபது வருடம் இரண்டாம் வகுப்புப் பெட்டிகளில் பழகிய கண்.

"உங்ககிட்ட மாத்திரை இருக்கு," என்றார்.

டாக்டர் பட்டையோடு இணைத்திருந்த திரையைப் பார்த்தார். "மேடம், நாம எலுமிச்சம்பழத்தைப் பத்தி..."

"எலுமிச்சம்பழத்தை விடுங்க. இவருகிட்ட மாத்திரை இருக்கு. ஒண்ணோ ரெண்டோ. இங்கதான் வெச்சிருக்காரு."

"அவரு ரத்தத்துல..."

"திங்கறாருன்னு நான் சொல்லல. வெச்சிருக்காருன்னு சொல்றேன்."

டாக்டர் சந்தியாகுவைப் பார்த்து, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பது போலக் கண்ணைக் காட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "இது சில நேரம் நடக்கும் சார். நாம காட்டுற பொருளை விட்டுட்டு, உள்ளுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற சந்தேகத்துல போய் ஒட்டிக்கும். மனசுல வெச்சுக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துல கழட்டிடறேன்."

சந்தியாகு எழுந்தார். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். வீட்டுக்குப் போகக் கட்டி வைத்திருந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். இரண்டு சட்டை, ஒரு வேட்டி, செபமாலை, பற்பசை, நோட்டு எல்லாம் மேசையில் விழுந்தன. பற்பசையின் மூடியைத் திறந்து காட்டினார். சட்டைப்பையில் இருந்த கண்ணாடிக் கூட்டை மட்டும் இடது கையில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்தார்.

"பாத்தியா? எங்க இருக்கு?"

"இதுல இல்ல," என்றார் ஜெசிந்தா அமைதியாக. "காட்டுறதுல எப்பிடி இருக்கும்?"

அந்த வாக்கியத்துக்குப் பதிலே கிடையாது என்பது சந்தியாகுவுக்குத் தெரியும். ஜூன் 11 அன்று, பெட்டிக்குள் வயரைத் தவிர ஒன்றும் இல்லையே என்று போலீஸ்காரர் சொன்னபோது, 'கண்ணுக்குத் தெரியற மாதிரி வைப்பாங்களா?' என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். அன்று அவர் நாற்காலியின் அந்தப் பக்கம் இருந்தார். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. கேட்கிறவர் மேல் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. அதில் ஒரு சிக்கல்: குற்றம் செய்யாத மனிதனுக்கும் இந்த இடத்தில் இப்படித்தான் அவமானமாக இருக்குமா என்று அவரால் சரிபார்க்க முடியவில்லை.

*

பட்டையைக் கழற்றிய பிறகு டீ வந்தது. ஜெசிந்தா டீயைக் குடித்து முடிக்கும்போது எலுமிச்சம்பழம் போய்விட்டது. முக்கால் மணி நேரம் ஆனதும் மற்றதும் போனது. போகிற வழியைச் சந்தியாகு பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் தோள் இறங்கியது. பிறகு நெற்றி சுருங்கியது. அப்புறம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ, என்ன பேசினேன்," என்றார். "ஏங்க, மன்னிச்சுடுங்க. ஒரு டாக்டர் முன்னாடி உங்களத் திருடன் மாதிரி நிக்க வெச்சுப் பையக் கொட்ட வெச்சுட்டேன்."

"பரவால்ல விடு."

"இல்ல. அவ்வளவு நிச்சயமா இருந்துச்சுங்க. நெஞ்சுல கை வெச்சு சொல்றேன், அந்தப் புடவை நிறம் எப்பிடித் தெரியுதோ, அப்பிடித் தெரிஞ்சுது." டாக்டரின் புடவையைக் காட்டினார். "அஞ்சு வாரமா உங்கள என்னெல்லாம் கேட்டேன். படிச்சவரு, படிச்சவருன்னு. படிச்சா மட்டும் என்ன? நான் இன்னும் பத்து நிமிஷம் இருந்திருந்தா உங்க சட்டையக் கிழிச்சுப் பாத்திருப்பேன்."

அழுதுகொண்டே சிரித்தார். சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் ஒரு டாக்டர் முன்னால் அவர் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னண்டே கால் வரைக்கும் பொறுங்க. அப்புறம் கையெழுத்து."

"போட்டுடறேன் டாக்டர். எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்."

பன்னிரண்டே காலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அந்த ஐம்பது நிமிடமும் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். போகிற வழியில் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடலாம். சந்தியாகு இதை நன்றாக யோசித்தார். யாருக்கும் நஷ்டமில்லை. மாத்திரையை விழுங்கவில்லை. விழுங்கப் போவதுமில்லை. ஜெசிந்தா தன் வாயாலேயே தான் சொன்னது பிதற்றல் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி விஷயம்தான் இடித்தது. ஜெசிந்தா சொன்னது உண்மை. உண்மையைச் சொன்ன ஒருவர், பைத்தியக்காரத்தனமாகப் பேசிவிட்டோமே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். இனி வீட்டில் எப்போது சந்தேகம் வந்தாலும், 'அன்னிக்கு அப்பிடித்தானே உளறினேன்' என்று வாயை மூடிக்கொள்வார். இதைப் பத்திரிகையில் யாராவது செய்திருந்தால், சந்தியாகு அவரை மேசைக்கு எதிரே நிற்க வைத்து அரை மணி நேரம் பேசியிருப்பார்.

அவர் நல்ல மனிதர் என்பதால் சொன்னார் என்று சொல்ல முடியாது. நாற்பது நிமிடம் சும்மாதான் இருந்தார். பன்னிரண்டு ஐந்துக்கு ஜெசிந்தா பேனாவைத் திறந்தபோது, வேறு வழி தோன்றாமல், கண்ணாடிக் கூட்டைத் திறந்து வெல்வெட் துணியைக் கிளப்பி, மாத்திரையைப் படிவத்தின் மேல் வைத்தார்.

"கட்டுரைக்கு," என்றார். சொன்னதும், எவ்வளவு கேவலமான சாக்கு என்று அவருக்கே கேட்டது.

டாக்டர் வஹிதா மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஓர் உறையில் போட்டார். ஏதோ எழுதினார். ஜெசிந்தா பேனா மூடியை மறுபடி மாட்டினார்.

"அப்ப நான் சொன்னது சரி," என்றார்.

"சரியா அமைஞ்சுது மேடம்," என்றார் டாக்டர் அவசரமாக. "நீங்க தெரிஞ்சு சொல்லல. எலுமிச்சம்பழமும் இதே மாதிரிதான் சொன்னீங்க, அது தப்பு. இது காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை."

"விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. ஆனா..."

"டாக்டர், அஞ்சு வாரம் நான் வெறும் கண்ணால பாத்தேன். இந்த மனுஷன் முகத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. பட்டைய மாட்டுனதும் தெரிஞ்சுது." ஜெசிந்தா மேசைமேல் கிடந்த பட்டையைப் பார்த்தார். எடுக்கவில்லை; அதன் நுனியை விரலால் நேராக்கினார். "இதை இன்னொரு தடவை மாட்டலாமா?"

"எதுக்கு மேடம்?"

"ரெண்டு மூணு விஷயம் பாக்கணும். இவரைப் பத்தி ஒண்ணு. எங்க அக்கா வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு."

"அது அப்பிடிப் பாக்குற மிஷின் இல்ல."

"பாத்துச்சே."

சந்தியாகு குறுக்கே வந்தார். "ஜெசி, நான் சொல்றதக் கேளு. எனக்கும் முதல் தடவை சரியாத்தான் இருந்துச்சு. அந்தப் பாலம். அது தப்பாப் போயிருந்தா, மறுநாள் பேசாம நாலு மணி நேரம் தூங்கியிருப்பேன். சரியாப் போனதுதான் வெனை."

ஜெசிந்தா அவரைப் பார்த்தார். கோபம் இல்லை. கணவர் ஏதோ பாதி சரியாகச் சொல்கிறார், மீதியைத் திருத்த நேரமில்லை என்கிற பார்வை.

"அது மாத்திரைங்க," என்றார். "இது கவர்மென்ட் மிஷின்."

டாக்டர் இதைப் படிவத்தில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு எழுதாமல் விட்டார். பட்டையை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஜெசிந்தா சாவி எங்கே போகிறது என்று கவனித்தார்.

படிவத்தில் கையெழுத்து விழவில்லை. ஜூலை 20, புதன்கிழமை, சந்தியாகு இடைநிலை இல்லத்துக்கு மாற்றப்பட்டார். இரண்டாவது அமர்வு கேட்டு ஜெசிந்தா மூன்று முறை விண்ணப்பித்தார், மூன்றும் நிராகரிக்கப்பட்டன. அந்த வருடம் டிசம்பரில், மற்ற குடும்பங்களிலிருந்தும் இதே போன்ற முப்பத்தொரு விண்ணப்பங்கள் வந்த பிறகு, உறவினர்களுக்கான அமர்வு நிறுத்தப்பட்டது. 2045 ஜனவரி 20 அன்று சந்தியாகு இல்லத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். படிவத்தில் கையெழுத்திட்டவர் அவருடைய தம்பி. சந்தியாகு லால்குடியில் இருந்த தம்பி வீட்டுக்குப் போனார்.